கஷ்டமான காரா, கெட்ட காரா? ஸ்போர்ட்ஸ் கார் ஹேண்ட்லிங்கை எப்படி எடை போடுகிறார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் பத்திரிகைகளில் ஓட்டிப் பார்த்து எழுதுகிற ரோடு டெஸ்ட்களைப் படிக்கிற பழக்கம் இருந்தால் இந்தக் குழப்பம் உங்களுக்கும் வந்திருக்கும். ஒரு காரைப் பற்றி "டிமாண்டிங்" என்று எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுப்பார்கள். போட்டிக் காருக்கும் அதே சொல்லைப் போட்டுவிட்டு மூன்றாவது இடத்துக்குத் தள்ளிவிடுவார்கள். ஹேண்ட்லிங் பற்றி, அதாவது திருப்பும்போதும் பிரேக் போடும்போதும் கார் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பற்றி, என்னிடம் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். நான் டெஸ்ட் டிரைவர் இல்லை. இருபது வருஷமாக இந்த டெஸ்ட்களைப் படித்து, வீடியோ பார்த்து, நண்பர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிற ஆள், அவ்வளவுதான்.

"டிமாண்டிங் ஹேண்ட்லிங்" என்று எழுதினால் அது பாராட்டா, திட்டா?

இரண்டாகவும் இருக்கலாம், அதனால்தான் அடுத்த இரண்டு வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கையும் காலும் சரியான நேரத்தில் சரியான அளவு வேலை செய்தால்தான் கார் ஒழுங்காகப் போகும், பாதி மனசோடு ஓட்டினால் காட்டிக்கொடுத்துவிடும், இதுதான் அந்தச் சொல்லின் நேரடிப் பொருள். இது குறை இல்லை. வீணை வாசிப்பதும் கஷ்டம்தான், அதற்காக வீணை மோசமான வாத்தியம் ஆகிவிடாது.

நல்ல டெஸ்டர் தேடுவது வேறு: கார் தப்பு செய்யப் போகிறது என்றால் முன்கூட்டியே ஏதாவது சொல்கிறதா? ஸ்டீயரிங் கனம் குறைவது, சீட் வழியாகப் பின்பக்கம் லேசாக நழுவுவது தெரிவது, டயர் முனகுவது, இப்படி ஏதாவது ஒன்று. தலையை ஆட்டிக்கொண்டு வருகிற முரட்டு மாட்டைப் பார்த்து நாம் ஒதுங்கிக்கொள்ளலாம். சாதுவாக நின்றுவிட்டுத் திடீரென்று முட்டுகிற மாட்டை என்ன செய்வது? முதல் வகைக் காருக்கு "டிமாண்டிங்" என்பது மரியாதைச் சொல், இரண்டாவது வகைக்கு அது நாகரிகமான திட்டு.

அண்டர்ஸ்டீயர், ஓவர்ஸ்டீயர் என்றால் என்ன, ஒரே வரியில் சொல்லுங்களேன்?

வளைவில் முன் டயர் முதலில் பிடியை விட்டால் கார் நீங்கள் ஒடித்த அளவுக்குத் திரும்பாமல் மூக்கை வெளியே தள்ளிக்கொண்டு போகும், அது அண்டர்ஸ்டீயர். பின் டயர் முதலில் விட்டால் வால் வெளியே வீசி, கார் நீங்கள் கேட்டதைவிட அதிகமாகத் திரும்பும், அது ஓவர்ஸ்டீயர். முதல் வகையில் பயந்து காலை எடுத்தால் பெரும்பாலும் கார் சரியாகிவிடும். இரண்டாவதில் பயந்து காலை எடுத்தால் பெரும்பாலும் நிலைமை மோசமாகும். சாதாரணக் கார்களை எல்லாம் வேண்டுமென்றே அண்டர்ஸ்டீயர் பக்கம் சாய்த்துக் கட்டுவது இதனால்தான். மனிதனுக்குப் பயம் வந்தால் முதலில் மேலே வருவது கால்தானே.

போர்ஷே 911-க்கு மட்டும் ஏன் இவ்வளவு பெரிய பேர்?

ஏனென்றால் அது தப்பான இடத்தில் இன்ஜினை வைத்துக்கொண்டு அறுபது வருஷமாகப் பிடிவாதம் பிடிக்கிற கார். இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. மொத்த எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் பின் சக்கரங்களின் மேல்.

இதை ஒரு வளைவில் வைத்துப் பார்ப்போம். 1970-களின் கார், மூன்றாவது கியர், வலது பக்கம் திரும்பும் வளைவு. உள்ளே போன பிறகுதான் தெரிகிறது, வளைவு நினைத்ததைவிட இறுகிக்கொண்டே போகிறது. வேகம் கொஞ்சம் அதிகம். கால் தானாக ஆக்சிலரேட்டரை விட்டு மேலே வருகிறது. அந்த நொடியில் எடை முன்னால் சாய்கிறது, முன் டயர்களுக்குப் பிடி கூடுகிறது, பின் டயர்கள் லேசாகின்றன. இதற்கிடையே இன்ஜின் பிரேக்கிங் பின் சக்கரங்களைப் பின்னோக்கி இழுக்க, சக்கரத்தைத் தாங்குகிற சஸ்பென்ஷன் கையின் மூட்டில் இருக்கிற ரப்பர் புஷ் வளைந்து கொடுத்து, சக்கரம் வெளிப்பக்கம் பார்த்துத் திரும்பிக்கொள்கிறது. பின் டயர் தன் பங்குக்கு ஒரு ஸ்டீயரிங் வேலை செய்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் தப்பான திசையில். அப்புறம் அந்த இன்ஜின் எடை, கயிற்றில் கட்டிய கல் மாதிரி, ஒரு தடவை வீச ஆரம்பித்தால் நிறுத்துவது லேசு இல்லை. சாலைக்கு வெளியே பின்பக்கமாகப் போய் நிற்பீர்கள்.

போர்ஷேவுக்கு இது தெரியாமல் இல்லை. ஆரம்ப காலக் கார்களில் முன் பம்பருக்குள் இரும்புப் பாளங்களை வைத்துச் சமாளித்தார்கள். 1969 மாடலில் பின் சக்கரத்தை 57 மில்லிமீட்டர் பின்னால் நகர்த்தி வீல்பேஸை, அதாவது முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை, நீட்டினார்கள். 1977-இல் வந்த 928 என்ற இன்னொரு மாடலுக்கு, காலை எடுத்தால் பின் சக்கரம் வெளியே திரும்பாமல் உள்ளே திரும்புகிற மாதிரி வைசாக் ஆக்சில் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் 911-இன் பின்பக்கத்துக்கு பல கைகள் சேர்ந்து சக்கரத்தைப் பிடிக்கிற மல்டிலிங்க் சஸ்பென்ஷன் முழுசாகக் கிடைக்க 1993-இல் 993 என்ற தலைமுறை வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நடுவில் 1975-இல் 911 டர்போ வேறு வந்தது. பழைய டர்போவில் மிதித்தவுடன் ஒன்றும் நடக்காது, கொஞ்ச நேரம் கழித்து எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கும். வளைவின் நடுவில் மிதித்தது வளைவு முடியும்போது வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும்? அதிலும் 1988 வரை நாலே நாலு கியர்தான். 911 பற்றிய பயக் கதைகளில் பாதி இந்தக் காரிலிருந்து வந்தவை.

ஆனால் இதே காரைப் பத்திரிகையாளர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியதற்கும் காரணம் உண்டு. நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிடுங்கள், மெதுவாக உள்ளே போங்கள், காரைத் திருப்பிவிட்டு உடனே ஆக்சிலரேட்டர் கொடுங்கள், நடுவில் காலை எடுக்காதீர்கள். அப்படி ஓட்டினால் பின்பக்க எடை முழுவதும் பின் டயரை ரோட்டில் அழுத்த, வளைவிலிருந்து வெளியே வரும் வேகத்தில் போட்டிக் கார்கள் பின்தங்கிவிடும். ஸ்டீயரிங்கோ ரோட்டில் கிடக்கிற சின்னக் கல்லைக்கூடக் கைக்குச் சொல்லும். ஆக 911 சொல்லாமல் முட்டுகிற மாடு இல்லை, விதிமுறைகளைச் சொல்லிவிட்டு முட்டுகிற மாடு.

அப்படியானால் ஹோண்டா என்எஸ்எக்ஸ் வந்ததும் எல்லாரும் ஏன் அவ்வளவு பேசினார்கள்?

1990-இல் அந்தக் கார் விற்பனைக்கு வந்தபோது எதிரில் நின்றவை 911-உம் ஃபெராரி 348-உம். இரண்டுமே ஓட்டுநர்தான் காருக்குப் பழக வேண்டும் என்ற பள்ளியைச் சேர்ந்தவை. என்எஸ்எக்ஸ் இன்ஜினை நடுவில் வைத்து, உடம்பை அலுமினியத்தில் செய்து, ஓட்டுநர் வெளியே நன்றாகப் பார்க்கிற மாதிரி கண்ணாடிகளை வைத்து வந்தது. 1989-இல் ஜப்பானின் சுசூகா டிராக்கில் ஃபார்முலா 1 சாம்பியன் அயர்டன் சென்னா ஓட்டிப் பார்த்துவிட்டு உடம்பு போதுமான இறுக்கம் இல்லை என்று சொல்ல, ஹோண்டா அதை மேலும் இறுக்கியது. மெக்லாரன் எஃப்1-ஐ வடிவமைத்த கார்டன் மரே தன் காருக்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டது இந்தக் காரைத்தான்.

348-இன் கதை வேறு. லிமிட்டுக்கு, அதாவது டயரின் பிடி தீருகிற எல்லைக்கு, பக்கத்தில் பதற்றமாக நடந்துகொள்கிறது என்ற குறை அதன்மேல் தொடர்ந்து வந்தது. ஃபெராரிக்குத் தலைவராக வந்த லூக்கா டி மோன்டெசெமோலோவே 348 தன்னை ஏமாற்றிவிட்டது என்று பிற்பாடு வெளிப்படையாகச் சொன்னார். 1994-இல் வந்த எஃப்355 அந்தக் கெட்ட பேரைத் துடைத்தது.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அப்புறம் வருகிறது. என்எஸ்எக்ஸ் இவ்வளவு நல்ல பிள்ளையாக இருக்கிறதே, இதில் சுவாரசியம் எங்கே என்று சிலர் எழுத ஆரம்பித்தார்கள். கஷ்டமே இல்லாத காரைக் குறை சொல்ல வேண்டிய நிலை! அந்தக் குறையில் பாதி நியாயம், பாதி பொறாமை என்பது என் கணக்கு. ஓட்டுகிறவன் எவ்வளவு திறமையைக் கொண்டுவந்தாலும் கார் ஒரே மாதிரி பதில் சொன்னால் அலுத்துப் போகும் என்பது நியாயமான பாதி. ஆனால் என்எஸ்எக்ஸ் அப்படிப்பட்ட கார் இல்லை, எல்லோரையும் உள்ளே விடும், நன்றாக ஓட்டுகிறவனுக்கு மேலே இன்னும் இடம் வைத்திருக்கும். காருக்குள் ஏறிய முதல் பத்து நிமிஷத்திலேயே சுலபமாக இருந்ததை வைத்துத் தீர்ப்பு எழுதியவர்கள் அந்த இடத்துக்குப் போகவே இல்லை.

டெஸ்டர் உண்மையில் என்ன செய்கிறார்? சும்மா வேகமாக ஓட்டிப் பார்ப்பாரா?

வேகமாக ஓட்டுவது கடைசியில்தான் வரும். நல்ல டெஸ்டர்கள் முதல் அரை மணி நேரம் சும்மா கடைக்குப் போகிற வேகத்தில்தான் ஓட்டுகிறார்கள். ஸ்டீயரிங்கை நடுவிலிருந்து ஒரு விரல்கடை திருப்பினால் மூக்கு உடனே நகர்கிறதா, தாமதமா? பிரேக் பெடலில் முதல் அரை அங்குலம் என்ன செய்கிறது? ஸ்டீயரிங், பிரேக், கிளட்ச், கியர் நாலும் ஒரே மாதிரி கனமா, இல்லை ஸ்டீயரிங் பஞ்சு மாதிரியும் கிளட்ச் பாறை மாதிரியும் இருக்கிறதா? கட்டுப்பாடுகளின் கனம் ஒன்றுக்கொன்று பொருந்தாத கார் வேகத்தில் நிச்சயம் தொல்லை கொடுக்கும்.

அப்புறம் தெரிந்த ரோடு. இது முக்கியம். பிரிட்டனின் ஈவோ பத்திரிகை வடக்கு வேல்ஸில் மூன்று சாலைகள் சேர்ந்த ஒரு முக்கோணத்தையே வருஷக்கணக்காகப் பயன்படுத்துகிறது. அங்கே மேடு, பள்ளம், வளைவின் நடுவிலேயே ஒரு திட்டு, ஈரம், ஆட்டு மந்தை, எல்லாம் உண்டு. அதே ரோட்டில் நூறு காரை ஓட்டியவருக்கு நூற்றியோராவது கார் எங்கே வித்தியாசப்படுகிறது என்று உடனே தெரிந்துவிடும். போட்டிக் கார்களை ஒரே நாளில், ஒரே ரோட்டில், மாற்றி மாற்றி ஓட்டுவதும் இதற்காகத்தான். போன மாதம் ஓட்டிய காரின் ஞாபகத்தோடு இன்றைக்கு ஓட்டுகிற காரை ஒப்பிடுவது ஏமாற்று வேலை.

பிறகுதான் மூடிய ரேஸ் டிராக். அங்கே டெஸ்டர் வேண்டுமென்றே தப்பு செய்வார். வளைவின் நடுவில் காலை எடுப்பார், பிரேக்கை விடாமலேயே உள்ளே திருப்புவார், சீக்கிரமாக மிதிப்பார், கர்ப் கல்லின் மேல் ஏற்றுவார். பயந்துபோன சாதாரண ஓட்டுநர் என்னென்ன செய்வாரோ அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டு, கார் எவ்வளவு மன்னிக்கிறது என்று குறித்துக்கொள்வார். ஒரு டெஸ்டில் இந்தப் பகுதியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால் அந்த டெஸ்டை நான் நம்புவதில்லை.

அமெரிக்காவின் மோட்டார் டிரெண்ட் பத்திரிகை எட்டு வடிவத்தில் கோடு போட்டு அதில் நேரம் எடுக்கிறது. பிரேக், திருப்பம், மிதிப்பது, எல்லாம் ஒரே சுற்றில் வந்துவிடும், நல்ல யோசனை. ஜப்பானின் பெஸ்ட் மோட்டரிங் என்ற வீடியோ பத்திரிகை 1987 முதல் 2011 வரை செய்தது இன்னும் வேடிக்கை. கெய்ச்சி சுச்சியா மாதிரி ரேஸ் டிரைவர்களை ஏற்றி, போட்டிக் கார்களைச் சுகுபா டிராக்கில் ஒன்றோடொன்று நிஜமாகவே பந்தயம் விட்டுவிடுவார்கள். முதல் சுற்றில் வேகமாக இருந்து ஐந்தாவது சுற்றில் டயரும் பிரேக்கும் காலியாகித் திணறுகிற காரை அங்கே ஒளிக்க முடியாது.

அளந்து சொல்கிற எண்கள் போதாதா? லேப் டைம் குறைவாக இருந்தால் ஹேண்ட்லிங் நல்லதுதானே?

இல்லை. ஸ்கிட்பேட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ரோடு அண்ட் டிராக் பத்திரிகையில் 200 அடி விட்டமுள்ள வட்டம், கார் அண்ட் டிரைவர் பத்திரிகையில் 300 அடி. அதைச் சுற்றி எவ்வளவு வேகமாகப் போக முடியும் என்று பார்த்து, பக்கவாட்டுப் பிடிமானம் இத்தனை ஜி (ஒரு ஜி என்பது புவியீர்ப்பின் அளவு) என்று போடுவார்கள். டயருக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பதற்கு நல்ல கணக்கு அது. அந்தப் பிடி தீர்ந்தபிறகு கார் என்ன செய்யும் என்று சொல்லாது. 0.95 ஜி வரை போய் மெதுவாக நழுவுகிற காரும், 0.95 வரை போய் சட்டென்று சுற்றிக்கொள்கிற காரும் அந்தப் பட்டியலில் அண்ணன் தம்பி.

லேப் டைம் இன்னும் சிக்கல். 2008-இல் நிசான் தன் ஜிடி-ஆர், ஜெர்மனியில் 20 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபே டிராக்கை 7 நிமிடம் 29 விநாடியில் சுற்றியது என்றது. போர்ஷே ஒரு ஜிடி-ஆரை வாங்கித் தானே ஓட்டிப் பார்த்து 7 நிமிடம் 54 விநாடி என்றது. ஒரே மாடல், ஒரே டிராக், 25 விநாடி இடைவெளி! டயர், வானிலை, அந்தக் காரோடு ஓட்டுநருக்கு இருக்கிற பழக்கம் என்று காரணங்களை அடுக்கலாம், யார் சொன்னது சரி என்று இன்றைக்கும் சண்டை உண்டு. எனக்கு இதில் படுவது இவ்வளவுதான்: கைதேர்ந்த ஒருவரால் எடுக்க முடிந்த நேரம், நீங்களும் நானும் அந்தக் காரில் எத்தனை தடவை பயப்படுவோம் என்பதைச் சொல்வதில்லை.

ஒரே காரை ஒரு பத்திரிகை புகழ்கிறது, இன்னொன்று ஆபத்து என்கிறது. யாரோ பொய் சொல்கிறார்களா?

பெரும்பாலும் இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள், வேறு வேறு நாளில். ஹோண்டா எஸ்2000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1999-இல் வந்தது, 2 லிட்டர் இன்ஜின், 9000 ஆர்பிஎம் வரை சுற்றும், முன்னும் பின்னும் எடை கிட்டத்தட்ட சமம். காய்ந்த, வழவழப்பான ரோட்டில் ஓட்டியவர்கள் கத்தி மாதிரி இருக்கிறது என்று எழுதினார்கள். மேடு பள்ளத்திலோ மழையிலோ ஓட்டியவர்கள் வியர்த்துப் போய் வந்தார்கள்.

காரணம் பின் சஸ்பென்ஷனில். சக்கரம் மேலும் கீழும் போகும்போது அது பார்க்கும் திசையும் கொஞ்சம் மாறும்படி ஹோண்டா வைத்திருந்தது. வளைவில் கார் சாய்ந்து அமுங்கும்போது வெளிச்சக்கரம் உள்ளே திரும்பி உறுதியாகப் பிடித்துக்கொள்ளும், அருமை. அதே வளைவில் ஒரு திட்டில் ஏறி இறங்கினாலோ, காலை எடுத்துப் பின்பக்கம் எழும்பினாலோ, அந்த உறுதி ஒரு கணம் காணாமல் போகும். போதாக்குறைக்கு இன்ஜினின் முழு பலம் 6000 ஆர்பிஎம்முக்கு மேல்தான் வரும், அதுவும் ஒரு உதையோடு. ஈர ரோட்டில் இரண்டாவது கியரில் அந்த உதை எங்கே வந்து விழும் என்று கணக்கு வைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். 2004 மாடலில் 17 அங்குலச் சக்கரம் போட்டு, பின் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, அந்தத் திசை மாற்றத்தையும் குறைத்தார்கள். பலர் நிம்மதிப் பெருமூச்சு விட, பழைய கார்தான் அசல் என்று ஒரு கூட்டம் இன்னும் கொடி பிடிக்கிறது.

டொயோட்டா எம்ஆர்2-வின் இரண்டாவது தலைமுறையும் இப்படித்தான் மாட்டியது. 1989-இல் வந்த கார், நடு இன்ஜின், தினசரி ஓட்ட அவ்வளவு சாது. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பது இந்தக் காருக்காகவே சொன்ன மாதிரி இருக்கும். நடு இன்ஜின் காரில் எடையெல்லாம் மையத்தில் குவிந்திருப்பதால் மூக்கு சட்டென்று திரும்பும், வாலும் அதே வேகத்தில் சட்டென்று கிளம்பும், எதிர்ப்பக்கம் ஒடிக்க நேரம் கிடைக்காது. சில வருஷத்தில் டொயோட்டா சஸ்பென்ஷனைத் திருத்தி, சக்கரத்தை 14-லிருந்து 15 அங்குலமாக்கி, டயரை அகலமாக்கியது.

டயருக்கு இதில் எவ்வளவு பங்கு?

நினைப்பதைவிட அதிகம். 2012-இல் டொயோட்டா ஜிடி86-உம் சுபாரு பிஆர்இசட்-உம் இரட்டைப் பிள்ளைகளாக வந்தன. வேண்டுமென்றே மெலிந்த டயர், டொயோட்டாவின் சாதுவான குடும்பக் கார் பிரியஸில் வந்த அதே மிஷலின் பிரைமசி வகை. பிடிமானம் சீக்கிரமே தீரும், ஆனால் குறைந்த வேகத்தில், மெதுவாக, சொல்லிவிட்டுத் தீரும். நகர வேகத்துக்குக் கொஞ்சம் மேலேயே ஓட்டுநருக்கு வேலை கொடுக்கிற கார். ஒரு ஜோடி அகலமான, ஒட்டுகிற டயரை மாட்டினால் லேப் டைம் குறையும், அந்தக் குணமும் சேர்ந்து போய்விடும்.

இன்னொரு வேடிக்கை, அந்த இரட்டையர்களுக்குள் ஸ்பிரிங் மட்டும் கொஞ்சம் வேறு. சுபாருவுக்கு முன் ஸ்பிரிங் கடினம், அதனால் நிதானம். டொயோட்டாவுக்கு முன்பக்கம் இளக்கம், அதனால் வால் சீக்கிரம் ஆடும். மற்றபடி ஒரே தொழிற்சாலை, ஒரே இன்ஜின். நல்ல டெஸ்டர்கள் இந்த வித்தியாசத்தைச் சரியாகப் பிடித்து எழுதினார்கள், அப்போதுதான் இந்த ஆட்கள் சும்மா அடித்துவிடுவதில்லை என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

காற்றழுத்தத்தையும் விட்டுவிடாதீர்கள். என் பழைய ஹேட்ச்பேக்குக்கு ஒரு பஞ்சர் கடையில் 33 வைக்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். அடுத்த இரண்டு நாள் கார் ரோட்டில் மிதக்கிற மாதிரி இருந்தது, மழையில் ஒரு ரவுண்டானாவில் பின்பக்கம் லேசாக நகர்ந்தது, சஸ்பென்ஷன் போச்சு என்றே முடிவு கட்டி மெக்கானிக்கிடம் போனேன். அவர் கேஜை வைத்துப் பார்த்தால் 46. டெஸ்டர்கள் காரை வாங்கியதும் முதலில் டயர் அழுத்தத்தைப் பார்ப்பதை அதற்கப்புறம் நான் கேலி செய்வதில்லை.

ஈஎஸ்பி வந்த பிறகு இதெல்லாம் பழைய கதைதானே?

பாதி பழைய கதை. கார் நழுவத் தொடங்கினால் கம்ப்யூட்டரே தனித்தனிச் சக்கரத்துக்குப் பிரேக் போட்டு நேராக்குவதுதான் ஈஎஸ்பி. 1997-இல் ஸ்வீடனின் டெக்னிகென்ஸ் வார்ல்ட் பத்திரிகை, ரோட்டில் திடீரென்று மான் குறுக்கே வந்தால் ஒடித்துத் தப்புகிற மாதிரி ஒரு சோதனையில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸைக் கவிழ்த்துவிட்டது. மெர்சிடிஸ் அந்தச் சின்னக் காருக்கு ஈஎஸ்பியை எல்லா மாடலிலும் கொடுக்க வேண்டி வந்தது. அடுத்ததாக ஆடி டிடி. ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலைகளில் அதிவேகத்தில் நடந்த விபத்துகளுக்கு அப்புறம், ஏற்கெனவே விற்ற கார்களைக்கூடத் திரும்ப அழைத்து ஈஎஸ்பியும் பின் ஸ்பாய்லரும் பொருத்தினார்கள். பார்க்க அழகாக இருந்த அந்த உருண்டைப் பின்பக்கம்தான் வேகத்தில் காற்றில் தூக்கியது.

எதிர்க்கட்சியும் இருந்தது. டிவிஆர் சகாரிஸில் ஏபிஎஸ் கிடையாது, மிதிக்கும்போது சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுக்கிற டிராக்ஷன் கண்ட்ரோல் கிடையாது, ஏர்பேக்கும் கிடையாது. முதல் டாட்ஜ் வைப்பர் 8 லிட்டர் வி10 இன்ஜினோடு ஏபிஎஸ் இல்லாமல் வந்தது. போர்ஷே கரேரா ஜிடி 612 குதிரைத் திறனோடு 2004-இல் வந்தபோது அதில் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் (ஈஎஸ்பிக்கு இன்னொரு பேர்) இல்லை.

இப்போது டெஸ்டர்கள் மூன்று தடவை ஓட்டுகிறார்கள்: எல்லாம் ஆன், ஸ்போர்ட் மோட், எல்லாம் ஆஃப். ஈஎஸ்பி முரட்டுத்தனமாகக் குறுக்கே வந்து பிரேக் போடுகிறதா, இல்லை ஓட்டுநருக்கே தெரியாமல் கைகொடுக்கிறதா என்பதே இப்போது ஹேண்ட்லிங்கின் ஒரு பகுதி. ஆஃப் செய்தால் வேறு மிருகம் என்று எழுதியிருந்தால் உஷாராகிவிடுங்கள், சேஸிஸின் குறையைக் கம்ப்யூட்டர் மூடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மழையில் ஓட்டிய டெஸ்டை ஒதுக்கிவிடலாமா?

ஒதுக்காதீர்கள், முதலில் அதைப் படியுங்கள். காய்ந்த ரோட்டில் 150 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே வருகிற குணம் ஈரத்தில் 60-லேயே வந்துவிடும்.

போட்டோவில் எல்லாக் காரும் பக்கவாட்டிலேயே போகிறதே, ஏன்?

பத்திரிகை விற்க வேண்டாமா? போட்டோகிராபருக்காக ஒரே வளைவைத் திரும்பத் திரும்பச் சுற்றுவார்கள், இரண்டாவது கியர், வேகம் பெரிதாக இருக்காது, ஈஎஸ்பி ஆஃப். அந்தப் படத்தை வைத்து ஹேண்ட்லிங்கை முடிவு செய்யாதீர்கள். இரண்டாவது கியரில் அழகாக நழுவுகிற சில கார்கள் ஐந்தாவது கியர் வளைவில் எழுதியவரின் உள்ளங்கையை வியர்க்க வைத்திருக்கும், அது கட்டுரைக்குள் எங்கோ நடுப்பத்தியில் ஒளிந்திருக்கும்.

இந்தப் பத்திரிகையாளர்களை நம்பலாமா? கார் கம்பெனி கொடுக்கிற கார்தானே?

முழுசாக நம்ப வேண்டாம். 2011-இல் கிறிஸ் ஹாரிஸ் என்ற பிரிட்டிஷ் கார் பத்திரிகையாளர், ஃபெராரி டெஸ்டுகளுக்கு அனுப்புகிற கார்களைத் தனியாகத் தயார் செய்கிறது, எந்த டிராக்கோ அதற்கேற்றபடி மாற்றுகிறது என்று பகிரங்கமாக எழுதினார். எழுதினால் அடுத்த கார் கிடைக்காது என்று தெரிந்தே எழுதியது அது. சஸ்பென்ஷன் அலைன்மென்ட்டில், அதாவது சக்கரங்கள் நிற்கிற கோணத்தில், அரை டிகிரி மாற்றினாலே காரின் குணம் மாறும் என்னும்போது, வாடிக்கையாளர் வாங்குகிற காரும் டெஸ்ட் காரும் ஒன்றுதான் என்று எப்படிச் சொல்வது?

எழுதுகிறவரின் திறமை இன்னொரு விஷயம். பால் ஃப்ரேர் என்ற பெல்ஜிய எழுத்தாளர் 1960-இல் ஃபெராரியில் லே மான்ஸ் பந்தயத்தையே ஜெயித்தவர். அவர் ஒரு காரைக் கஷ்டம் என்றால் நாம் அந்தப் பக்கமே போகக்கூடாது. அவர் சுலபம் என்றாலும் நமக்குச் சுலபம் என்று அர்த்தமில்லை. அதனால் நான் எப்போதும் மூன்று நான்கு பேர் எழுதியதைச் சேர்த்துப் படிப்பேன், ஒருவராவது சுமாராக ஓட்டுகிறவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் அதை ஒப்புக்கொண்டு எழுதினால் இன்னும் நல்லது.

ஸ்டீயரிங் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு புலம்பல்?

எச்சரிக்கை வருகிற முதல் வழி அதுதான். 2011-இல் 911-இன் 991 மாடலுக்கு மோட்டார் உதவுகிற எலெக்ட்ரிக் ஸ்டீயரிங் வந்தபோது, கார் எல்லா வகையிலும் தேறியிருந்தும், கைக்கு வருகிற செய்தி குறைந்துவிட்டது என்று பலரும் புலம்பினார்கள். மெக்லாரன் இன்னும் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற பழைய ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கை விடாமல் வைத்திருப்பதும், அதற்காகவே டெஸ்டுகளில் மார்க் வாங்குவதும் சும்மா இல்லை.

டெஸ்டில் எந்தச் சொற்களைக் கவனிக்க வேண்டும்?

நான் வைத்திருக்கிற சொந்த அகராதி இது, யாரும் ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. "ப்ராக்ரெஸிவ்" என்றால் நழுவும், ஆனால் படிப்படியாக, தயங்காமல் போகலாம். "ப்ளேஃபுல்" என்றால் காலை எடுத்தால் வால் கொஞ்சம் ஆடும், எழுதியவர் அதை ரசித்திருக்கிறார். "பாயின்டி" என்றால் மூக்கு சட்டென்று பாயும், பின்பக்கம் அதற்கு ஈடுகொடுக்கிறதா என்று அடுத்த பத்தியில் தேடுங்கள். "ரிவார்டிங்" என்றால் முதல் நாள் பிடிக்காது, இரண்டாவது வாரம் பிடிக்கும். "ஸ்னாப்பி", "எட்ஜி", "ஸ்பைக்கி" மூன்றும் ஒரு குடும்பம், எழுதியவர் எங்கோ ஒரு தடவை பயந்திருக்கிறார், ஆனால் சொல்ல வெட்கம். "இனர்ட்" என்றால் ஒன்றும் சொல்லாத கார். "கமிட்மென்ட் வேண்டும்" என்று எழுதியிருந்தால் பாதி வேகத்தில் ஓட்டினால் மோசமாக இருக்கும் என்று பொருள், இதை நான் குறையாகத்தான் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் நிஜ ரோட்டில் நாம் பாதி வேகத்தில்தானே ஓட்டப்போகிறோம்.

பழைய எஸ்2000, பழைய 911 வாங்க ஆசை. அந்தக் காலத்து டெஸ்டை நம்பி வாங்கலாமா?

அன்றைய டெஸ்ட் அன்றைய புதுக் காருக்கு எழுதியது. உங்களிடம் வருகிற காரில் ரப்பர் புஷ் இறுகியோ வெடித்தோ இருக்கும், ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கும், டயர் பார்க்கப் புதுசாக இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் பார்த்தால் பத்து வருஷம் பழசாக இருக்கும் (முதல் இரண்டு இலக்கம் வாரம், கடைசி இரண்டும் வருஷம்). எஸ்2000 என்றால் பின் அலைன்மென்ட்டை நான்கு சக்கரமும் அளக்கிற கடையில் காட்டி, கம்பெனி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் ஓட்டுங்கள். முதல் மழைக்கு முன்னால் செய்துவிட்டால் உத்தமம்.